பொட்டு வைத்த அளவுக்கல்

என் முட்டாள்தனங்களை வரிசையாக நிறுத்தினால் தெருமுனை வரைக்கும் போகும். அந்த வரிசையில் முதலில் நிற்பது முழங்கால் உயரமுள்ள ஒரு கல். ரோடு போடுவதற்காக சர்க்கார் நட்ட அளவுக்கல். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, அரளிப்பூவும் சார்த்தியவன் நான்தான். பக்தியால் செய்திருந்தால் சாமியாவது என் பக்கம் இருந்திருக்கும். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தேன். அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் தேவைக்கு மேலேயே இருப்பு இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

அறுபதுகளின் தொடக்கம். பாலக்கரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நான் குமாஸ்தா. குடியிருந்தது காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில். ஸ்ரீரங்கம் என்றதும் கோபுரத்தடியில் வீடு என்று எண்ணிவிட வேண்டாம். ஊருக்குக் கிழக்கே, திருவானைக்காவல் பக்கமாக ஒரு வாழைத்தோப்பு. அதன் ஓரத்தில் பம்புசெட் கொட்டகை. கொட்டகையை ஒட்டி இறக்கிய ஒற்றை அறை என்னுடையது. மோட்டார் ஓடினால் என் கயிற்றுக் கட்டிலும் கூடவே ஓடும். எந்தச் சுவரோரம் போய் நிற்கும் என்பது அன்றைய மின்சாரத்தைப் பொறுத்தது.

தோப்புக்காரர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் வாங்க போங்க விட்டுப்போகாது. நான் பேசும் ஒரு மணி நேரப் பேச்சுக்கு அவரிடமிருந்து ஒரு ‘ம்’ வந்தால் அது அதிகம். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அவர் பங்குக்கும் சேர்த்துச் சிரித்துவிடுவார்.

வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும் கோடை மாதங்களில் அந்தத் தோப்பைக் காப்பாற்றியது அவர் வெட்டிய கிணறு. விடிகிற நேரத்தில் அங்கிருந்து இலைக்கட்டுகள் வண்டியேறி காந்தி மார்க்கெட்டுக்குப் போகும்.

“இந்தக் கெணறு இருக்கிற வரைக்கும் மார்க்கெட்ல நான் சரக்குக்காரன், தம்பி. இது போச்சுன்னா அதே மார்க்கெட்ல அடுத்தவன் கட்டைத் தலையில தூக்கணும்” என்று ஒருநாள் சொன்னார். நான் அதற்கும் ஏதோ ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று மறந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பெரிய ரோட்டை நீட்டப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது டீக்கடைகளில் கொதித்துக்கொண்டிருந்தது. பாலம் தாண்டி வரும் லாரிகள் ஊருக்குள் நுழையாமல் கொள்ளிடம் பக்கமாகப் போவதற்கு ஒரு புது வழி.

“ரோடு வந்தா ஸ்ரீரங்கம் மெட்ராஸ் ஆயிடும் பாரு” என்பார் ஒருவர்.

“அய்யய்யோ, அப்பக் குழாயில தண்ணி வராதே” என்பார் இன்னொருவர்.

சித்திரை வீதியிலிருந்து வரும் ஒரு வாத்தியார் சுவாமி, ஓரமாக நின்றபடி, “லோக க்ஷேமத்துக்குச் சாலை அவசியம்தான், ஆக்ஷேபணையே இல்லை. பெருமாள் புறப்பாட்டுக்கு மட்டும் விக்னம் வரப்படாது” என்பார். ரோடு வேண்டும் என்பதில் எல்லாரும் ஒற்றுமை. யார் தலைமேல் என்பதில்தான் தகராறு.

அந்தத் தலை எது என்பது ஒருநாள் தெரிந்தது. ஓவர்சியர் ஒருவர் சங்கிலியும் கொடிக்கம்பும் ஆட்களுமாகத் தோப்புக்குள் வந்தார். நல்ல மனுஷர். வெயிலில் வந்தவருக்கு அண்ணி கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார். “இளநி தோத்துச்சுங்கம்மா” என்று குடித்தார். அப்புறம் தோப்பின் மேற்கு வரப்பில் ஒரு கல்லை நட்டு, அதன் தலையில் சிவப்பு மை அடித்தார்கள்.

“இதுதான் ரோட்டோட மேற்கு ஓரம். இங்கேருந்து அப்படியே கிழக்கே” என்று, கையில் இருந்த சொம்பாலேயே காட்டினார். சொம்பு கிணற்றைக் கடந்து, வீட்டைக் கடந்து போய் நின்றது. தண்ணீர் கொடுத்த சொம்பு.

நான் இதைப் பார்த்ததோடு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஓவர்சியரும் தோப்புக்காரரும் பேசியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றிலிருந்து தோப்பின் முகம் மாறிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வந்து பம்புசெட் எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்டால், “சும்மாத்தாங்க” என்றார். இன்னொருவர் வீட்டு நிலைக்கதவைத் தட்டிப் பார்த்து, “தேக்குதானே?” என்றார். உயிரோடு இருக்கிறவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பாடைக்கு மூங்கில் விலை பேசுகிற மாதிரி இருந்தது. வாழை தாறு போட்டவுடன் புதுக்கன்று வைக்கிற இடங்களில் அண்ணன் குழி எடுக்கவே இல்லை. தாறு வெட்டின மரங்கள் சாய்ந்து கிடந்தன. அவற்றின் பக்கத்தில் பச்சையாக எதுவும் எழும்பவில்லை. தோப்புக்குள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானது. வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

என் மூளை வேலை செய்தது அப்போதுதான். நம் ஊரில் எதை வேண்டுமானாலும் இடிக்கலாம்; பொட்டு வைத்த கல்லை எவனும் தொடமாட்டான். சாமி இருக்கிற இடத்தில் ரோடு போட எந்த எஞ்சினீயருக்குத் தைரியம் வரும்? ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை, அண்ணியின் மஞ்சள் டப்பாவைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் வேலையை முடித்தேன். சிவப்பு மையை மறைக்கவேண்டியதுகூட இல்லை. சர்க்கார் ஏற்கெனவே பாதிக் குங்குமம் வைத்திருந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கை குவிந்தது.

இலைக்கட்டு அனுப்பிவிட்டு அண்ணன் வந்ததும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். “எப்படி? இனிமே ஒரு பய தொட மாட்டான்.”

அவர் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வாழைச்சருகு மாதிரி ஆகிவிட்டது.

“அழிச்சிடுங்க தம்பி.”

“ஏன் அண்ணே?”

அன்றைக்குத்தான் அவர் என்னிடம் நீளமாகப் பேசினார். கல்லுக்கு மேற்கே இருந்தது வெறும் புறம்போக்கு, கருவேல முள். ரோட்டை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டால் கிணறும் வீடும் தப்பித்துவிடும். வரப்போரத்து வாழை ரெண்டு வரிசையோடு போகும். அதற்கு நகரசபை ஒரு தீர்மானம் போட்டால் போதும், இந்தக் கல்லைப் பிடுங்கி முள்ளுக்கு அந்தாண்டை நட்டுவிடலாம் என்று ஓவர்சியரே வழி சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒவ்வொரு கவுன்சிலர் வீடாகப் போய் நின்று, கொஞ்சம் பேரைச் சம்மதிக்கவும் வைத்துவிட்டார்.

“இந்தக் கல்லு பிடுங்குற கல்லா இருக்கணும் தம்பி. அதான் முக்கியம்” என்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. சத்தமில்லாம முடிக்கலாம்னு பாத்தேன்.”

சாமியைச் சுற்றிக்கொண்டு போவார்கள் என்பது வரைக்கும் நான் யோசித்தது சரி. எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள் என்று யோசிக்கவில்லை.

தண்ணீர் கொண்டுவர ஓடினேன். சொம்போடு திரும்பி வருவதற்குள், கோயிலுக்குப் பூ எடுத்துப் போகும் பெண்கள் இருவர் வரப்பில் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையில் சொம்பைப் பார்த்ததும் ஒருத்தி, “அபிஷேகமாங்க? ஊத்துங்க ஊத்துங்க” என்று விலகி நின்றாள். ஊற்றினேன். வேறு என்ன செய்ய? ஊற்றின கையோடு மஞ்சளைத் தேய்த்துக் கழுவப் பார்த்தேன். “பூசின மஞ்சளக் கழுவுறியே, நீ வெளங்குவியா?” என்று மற்றவள் அதட்டிவிட்டு, தன் மடியிலிருந்தே புது மஞ்சள் எடுத்துப் பூசினாள். முதலில் நான் பூசியதைவிட நன்றாகவே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விளக்கு வந்தது. காணாமல் போயிருந்த யாருடைய மாடோ தானாக வீடு திரும்பியதில் பெயரும் வந்தது: வரப்படி அம்மன். நான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன், “ஐயா, இது சர்வே கல். ஹைவேஸ்காரன் நட்டது.” ஒரு வண்டிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அவன் நட்டான் சரி. நடச் சொன்னது யாரு?” என்றார். வாத்தியார் சுவாமி மட்டும், “நமக்குப் பெருமாளைத் தவிர வேறே தெய்வம் கிடையாதுடாப்பா” என்று எதிர் வரப்பில் விறைப்பாகப் போனார். கல்லைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இதில் என் முதலாளி எங்கே வருகிறார் என்றால், அவருக்கு இரண்டு நாற்காலி. பகலில் பாலக்கரை ஆபீஸில் ஒன்று, கூட்டம் நடக்கும் நாளில் ஸ்ரீரங்கம் நகரசபையில் ஒன்று. தோப்புக்குக் கிழக்கே லாரி ஷெட் போட இடம் வாங்கியிருந்தார். ரோடு தோப்பைக் கிழித்துக்கொண்டு வந்தால் அந்த இடம் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும். மேற்கே தள்ளினால் அண்ணனின் வாழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஒருநாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துத்தான் பேசுவார்.

“நீ இருக்கிற தோப்புல அம்மன் வந்திருக்காளாமேப்பா?”

“அது சும்மா கல்லுங்க முதலாளி.”

“அப்படிச் சொல்லாத. மழை வெயில்ல நிக்கிறா. நான் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தரேன்.” கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “மொதல்ல பொட்டு வெச்சவன் யாரோ, புண்ணியவான். நல்லா இருக்கட்டும்.”

மறுநாளே கொட்டகை எழும்பியது. கால்களைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணன் அந்தச் சிமெண்டை மட்டும் பார்ப்பார். அம்மனைப் பார்க்கமாட்டார்.

நகரசபை கூடுவதற்கு முந்தின வாரம் இன்னொன்று நடந்தது. மேற்கே முள்ளை வெட்டிவிட்டு, எங்கள் ஆபீஸ் லாரியே வந்து தார் டிரம்களை இறக்கியது. விவாதமே இன்னும் நடக்கவில்லை, தார் வந்துவிட்டது. ரோட்டைத் தள்ளவேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்த அதே காலி இடத்தில், வாய் மூடிய கறுப்பு டிரம்கள் வரிசையாக நின்றன. வெயில் ஏற ஏற அவற்றின் மூடியோரம் வேர்வை மாதிரி தார் கசியும். அந்த வாசனை என் அறைக்குள் வந்து, சோற்றில் கலந்து, துவைத்த சட்டையிலும் ஏறிக்கொண்டது. அண்ணி தோப்புக்குள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டார். நான் வந்தால் சிரிப்பதையும்.

கூட்டத்தன்று ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு அண்ணனோடு போனேன். பொய்கூட இல்லை, நிஜமாகவே வலித்தது. ஜனங்கள் உட்கார்ந்து கேட்கப் பின்னால் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அண்ணன் வெளுத்த வேட்டியில் நுனியில் உட்கார்ந்தார். மார்க்கெட்டுக்குக்கூட அவ்வளவு வெளுப்பில் போகமாட்டார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கறுப்புச் சட்டை போட்ட ஒரு கவுன்சிலர். நல்ல பேச்சாளர். அண்ணனின் கிணற்றைப் பற்றி அவர் பேசப்பேச, எனக்கே தாகம் எடுத்தது. “மேற்கே முள்ளு, கிழக்கே குடும்பம். ரோடு எது மேல போகணும்? நீங்களே சொல்லுங்க” என்றார். மேஜையைத் தட்டினார்கள். ஓவர்சியர் எழுந்து, கல்லை மாற்றி நட்டால் போதும், வேலை ஒன்றும் அதிகமாகாது என்றார். சேர்மன் தலையாட்டினார். அண்ணன் முதல் தடவையாகப் பெஞ்சில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது என் முதலாளி எழுந்தார். சிரித்துக்கொண்டேதான்.

“எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. ஒரே ஒரு சந்தேகம். மாத்தி நடணும்னு சொல்றீங்களே, அது எந்தக் கல்லு?”

நின்றுகொண்டிருந்த ஓவர்சியர் மெதுவாக உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுப் பொம்பளைங்க போய் வெளக்கேத்துற கல்லுங்களா? ரோடு மேற்கே போனா அம்மன் நடு ரோட்ல நிப்பா. அப்ப அவளை யாரு பிடுங்கறது? நீங்களா, சேர்மன்?”

சேர்மன் கைக்குட்டையை எடுத்தார். கறுப்புச் சட்டைக்காரர் துள்ளி எழுந்தார். “அது அளவுக்கல்லுய்யா! நானே வந்து பிடுங்கறேன், எந்தச் சாமி கண்ணைக் குத்துதுன்னு பாப்போம்!”

அவ்வளவுதான். அதுவரை கிணற்றைப் பற்றி இருந்த விவாதம் சாமி உண்டா இல்லையா என்று ஆகிவிட்டது. பின் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். தங்கள் வீட்டு வாசலில் அண்ணனிடம் சம்மதம் சொன்ன கவுன்சிலர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலாளி கை கட்டி உட்கார்ந்திருந்தார். கிணறு என்ற வார்த்தையை அதன் பிறகு அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

நான் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டேன். “ஐயா! ஐயா! கேளுங்க! அந்தப் பொட்டு நான் வெச்சது! சும்மா வெச்சது! அது சாமியே இல்லை!”

யாரோ சிரித்தார்கள். எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் ஒருவர்தான். “இவனா! போன வருஷம் பாலத்துல ரயிலோட போட்டி போட்டு ஜெயிச்சேன்னு சொன்னவன் இவன்!” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. கோபத்தில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். நான் இன்னும் கத்தினேன். சிரிப்பு இன்னும் கூடியது. என் வாழ்க்கையிலேயே ஒரு கூட்டத்தை அவ்வளவு நன்றாகச் சிரிக்க வைத்தது அன்றைக்குத்தான்.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். “உனக்கு வயித்துவலின்னு சொன்னாங்களேப்பா” என்றார் அன்பாக. இரண்டாவது சிரிப்பு எழுந்தது. நகரசபைப் பியூன் வந்து என் தோளைப் பிடித்து இறக்கி, “சாமி விஷயத்துல வெளையாடாதய்யா” என்று வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கை தூக்கச் சொன்னார்கள். கறுப்புச் சட்டைக் கை தனியாக நின்றது. பக்கத்தில் ஒன்றிரண்டு கைகள் தோள் வரை வந்து, காது சொறிவது மாதிரி இறங்கிவிட்டன. அம்மன் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ரோடு அவளுக்குக் கிழக்கே போகட்டும் என்று முடிவானது.

அண்ணன் வெளியே வந்தார். வழியெல்லாம் நான்தான் பேசினேன். மேலே எழுதலாம், மந்திரியைப் பார்க்கலாம், கோர்ட் இருக்கிறது என்று. பேச்சை நிறுத்தினால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அதற்கப்புறம் ரோட்டின் கிழக்கு ஓரத்துக்கும் கல் நட்டார்கள். அண்ணன் வீட்டின் கொல்லைப்புறம் தாண்டி. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. மார்க்கெட்டில் மொத்த வியாபாரிகள் அவரிடம், “அடுத்த கோடைக்கு இலை உங்ககிட்ட உண்டுங்களா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுங்களா?” என்று கேட்க ஆரம்பித்ததாக இலைக்கட்டு ஏற்றிப்போகும் வண்டிக்காரர் சொன்னார். முள் வெட்டின இடத்தில் ஒரு ரோடு ரோலர் வந்து நின்றது. வேலை ஒன்றும் தொடங்கவில்லை. ஆனால் தினமும் காலையில் ஓர் ஆள் வந்து அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் சாயங்காலம், கலெக்டரைப் பார்க்க அண்ணன் மறுநாள் கண்டோன்மெண்டுக்குப் போகப்போகிறார் என்று அண்ணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ஓடினேன். அண்ணன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து இலை அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டியில் விழுந்து, கன்று வைக்காத இடங்கள் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, நானும் வரேன். கலெக்டர் படிச்சவர், சிரிக்க மாட்டார். பொட்டு வெச்சது நான்தான்னு எழுதியே கொடுத்துடறேன்.”

கத்தி கல்லில் உரசிக்கொண்டே இருந்தது.

“ஜோக்கெல்லாம் அடிக்க மாட்டேன் அண்ணே, சத்தியமா. நாளைக்குக் காலையில எப்பக் கிளம்பறீங்க?”

அவர் கத்தியின் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார்.

“நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி.”